பிசிக்ஸ் டவுட்டை எப்படிக் கேட்பது?

கோரிமேட்டுல இருந்து பேசறேன். ஜிப்மர் வாசலைத் தாண்டித்தான் இங்க பல பிள்ளைங்க டியூஷன் போறாங்க. 2020-ல இருந்து அந்த ஜிப்மர் எம்.பி.பி.எஸ். சீட்டுக்கும் நீட்தான் வழி. அதுல பிசிக்ஸ் மட்டும் 180 மார்க். புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்ப சி.பி.எஸ்.இ. பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டுலயும் பிசிக்ஸ் தியரி 70, பிராக்டிகல் 30.

எனக்கு வாட்ஸ்அப்ல வர்றது கேள்வித்தாள் போட்டோ, கூடவே "அண்ணா, ஆன்சர் என்ன?" ஆன்சரை நான் சொல்லிட்டா அந்த ஒரு கேள்வி முடியும், அவ்வளவுதான். "இந்த வரி வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேல போகலை"ன்னு உங்க நோட்டை அனுப்புங்க. சிக்கல் எங்கன்னு உடனே தெரியும்.

எக்ஸ்பெரிமென்ட்டும் அப்படித்தான். தனி ஊசல் வச்சுப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். ஒரு மீட்டர் நூல்னா ஒரு அலைவுக்குச் சுமார் 2 செகண்ட். ஸ்டாப்வாட்சை அழுத்துறதுல 0.2 செகண்ட் தவறினா, 10 சதவீதப் பிழை. சூத்திரத்துல நேரம் வர்க்கமா வருது. அதனால விடையில சுமார் 20 சதவீதம் போயிடும். 20 அலைவு எண்ணுங்க. 40 செகண்டுல அதே 0.2, விடையில பிழை 1 சதவீதம்தான். புதுக் கருவி எதுவும் வாங்கலை, யோசிச்சு மட்டும்தான் இருக்கோம்.

லேபுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதுங்க: எதை மாத்தறேன், எதை அளக்கறேன், எங்க பிழை வரும்? வைவாலயும் இது கைகொடுக்கும். அந்தத் தாளோட கேளுங்க, சேர்ந்தே பார்ப்போம். அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.