15 டிகிரிக்குக் கீழே



நீலகிரியில் வீடு கட்டுகிறவர்கள் பலர் கோவையிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் மேஸ்திரிகளை அழைத்து வருகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களோடு சமவெளியின் நாள்கணக்கும் சேர்ந்து மலையேறி வந்துவிடுகிறது. "தளம் போட்டு ஏழு நாள் ஆச்சு, சென்ட்ரிங்கைப் பிரிச்சிடலாம்" என்ற பேச்சை ஊட்டியிலும் கோத்தகிரியிலும் பல சைட்டுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பதறும்.

அந்த ஏழு நாள் எங்கிருந்து வந்தது? கான்கிரீட் வேலைக்கு நம் நாட்டில் அடிப்படையாக வைத்திருக்கும் விதிநூல் ஐ.எஸ். 456. நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாளில் முட்டுகளை எடுக்கலாம், அதற்கு மேல் போனால் 14 நாள் என்று அதில் இருக்கிறது. பீம் 6 மீட்டர் வரை இருந்தால் 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இந்த எண்கள் மேஸ்திரிகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த எண்களுக்கு முன்னால் அதே பத்தியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில், சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் போட்டு, சரியாக நீராற்றியிருந்தால் மட்டுமே இந்த நாள்கணக்கு செல்லும். ஊட்டியில் மே மாதத்தில்கூட இரவு வெப்பநிலை 15-க்குக் கீழே போகிறது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதோ சாம்பல் கலந்த சிமென்ட், பி.பி.சி. என்று மூட்டையில் போட்டிருக்கும். அது நல்ல சிமென்ட்தான், நாளாக ஆக நல்ல வலு தரும். ஆனால் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. ஆக, அந்த நிபந்தனையில் வெப்பநிலை, சிமென்ட் இரண்டுமே இங்கே பொருந்தவில்லை. எண் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை. சிமென்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து, சூட்டை வெளியிட்டு, கல்லாக மாறுகின்றன. வெப்பம் குறையக் குறைய அந்த வினை சோம்பிப்போகும். இதைக் கணக்கிடப் பொறியாளர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நாளின் சராசரி வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கோவையில் சராசரி 30 டிகிரி என்றால், 10-ஐக் கூட்ட 40. ஏழு நாளுக்கு 280. ஊட்டியில் ஒரு குளிர்மாதத்தின் சராசரியை 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐக் கூட்டினால் 20. அந்த 280-ஐ எட்ட 14 நாள் வேண்டும். கோவையில் ஏழு நாள் வளர்ந்த வலுவுக்கு இங்கே இரண்டு வாரம். சாம்பல் சிமென்ட் என்றால் அதற்கும் மேல். சென்ட்ரிங் பலகைக்கு ஒரு வாரம் கூடுதல் வாடகை என்று கணக்குப் பார்ப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, அந்த வாடகையைக் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் பிரித்த தளம் அன்றே விழாமல் போகலாம். நடுவில் தொய்ந்து, அடியில் மயிரிழை விரிசல் விட்டு, மழைக்காலம் வந்ததும் அந்த விரிசல் வழியாக ஈரம் கம்பியைத் தேடிப் போகும்.

இனி உறைபனி. அக்டோபரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற பள்ளமான புல்வெளிகளில் விடிகாலையில் வெள்ளை விரித்தாற்போல் உறைபனி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உறையும்போது பருமனில் சுமார் 9 சதவீதம் விரியும். முந்தின மாலை போட்ட தளத்தின் மேற்பரப்பில் இருக்கும் தண்ணீர் அப்படி விரிந்தால், இன்னும் கல்லாகாத சிமென்டின் பிடி விட்டுப்போகும். இமயமலைப் பக்கம் போல இங்கே தளம் முழுவதும் உறைந்துவிடாது. ஆனால் மேல்தோல் கெட்டுவிடும். சில மாதம் கழித்துக் காலால் தேய்த்தால் மாவாக உதிர்கிற மொட்டைமாடிகளுக்கு இதுவும் ஒரு காரணம். எனவே குளிர்மாதத்தில் போட்டே ஆகவேண்டும் என்றால், காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயில் இறங்குமுன் தளத்தின் மேல் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் வைக்கோலோ உலர்ந்த சாக்கோ பரப்பி, மேலே இன்னொரு தார்ப்பாய் போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். கான்கிரீட் தானாக வெளியிடும் சூடு உள்ளேயே தங்கும். கலவைத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிச் சேர்ப்பதும் நல்லது. ஒரே எடையுள்ள ஜல்லியையும் மணலையும்விட தண்ணீர் நான்கைந்து மடங்கு சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். வெந்நீரை நேராகச் சிமென்டின் மேல் ஊற்றிவிடக் கூடாது. முதலில் ஜல்லி, மணலோடு கலந்துவிட்டுப் பிறகே சிமென்ட்.

சீக்கிரம் இறுகட்டும் என்று கலவையில் உப்பைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியை அரித்துத் தின்னும். நம் மலையின் ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

குளிரைவிடத் தந்திரமானது ஈரம். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று பொறியாளர் எழுதிக் கொடுக்கிறார். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஒரு மூட்டைக்குச் சுமார் 75 கிலோ மணல் சேரும். மழையில் திறந்து கிடந்த எம்-சாண்டில் 5 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். அதிலேயே மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. யாரும் அதைக் கழிப்பதில்லை. போதாததற்கு, கலவை ஓடட்டும் என்று இன்னும் அரைக் குடம் ஊற்றுகிறார்கள். மிகுந்த தண்ணீர் பின்னால் நுண்துளைகளாக மிஞ்சும். மழைநாட்டில் துளை உள்ள கான்கிரீட் என்றால் கம்பிக்கு வாழ்நாள் குறைவு என்று அர்த்தம். இன்னொன்று, ஈர மணல் உப்பிக்கொள்ளும். பெட்டியால் அளந்தால் உள்ளே விழும் மணல், கணக்குப் போட்ட மணலைவிடக் குறைவாக இருக்கும். அதனால் மணல் குவியலை மூடி வையுங்கள், தண்ணீரை அளந்த வாளியில் ஊற்றச் சொல்லுங்கள். கையில் ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று உள்ளங்கையும் நனைந்தால், தண்ணீரைக் குறைக்காமல் அன்று கலவை போட விடாதீர்கள்.

மழை வேறு, நீராற்றுதல் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாரல் அடிக்கிறதே, தனியாகத் தண்ணீர் விடுவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். மதியம் இரண்டு மணி நேரம் மலைக்காற்றும் வெயிலும் சேர்ந்தால் மேற்பரப்பு உலர்ந்துவிடும். சாம்பல் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் விடாமல் காக்க வேண்டும் என்கிறது விதிநூல். பனிக்காலத்தில் மாலையில் தண்ணீர் தேக்காமல், காலை வெயில் ஏறியபின் விடுங்கள்.

இவ்வளவும் தளத்தைப் பற்றியது. சரிவில் வீட்டின் விதியைத் தீர்மானிப்பது தளமல்ல, வீட்டின் பின்னால் நிற்கும் மண்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. ஆனால் அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்கு நாளடைவில் மக்கிச் சிவந்த மண் கிடக்கிறது. உலர்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதுதான் ஆளை ஏமாற்றுவது. பொக்லைன் வைத்து ஒரே நாளில் பத்தடி வெட்டிவிடலாம். வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளிச் சமதளம் ஆக்கலாம். வீட்டின் பின்பாதி வெட்டிய கெட்டி நிலத்தில், முன்பாதி கொட்டிய மண்ணில். இரண்டு மழைக்காலத்தில் முன்பாதி இறங்கும், நடுச்சுவரில் குறுக்கு விரிசல் ஓடும். எத்தனை கம்பி கட்டினாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. அஸ்திவாரத்தைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு தூணையும் வெட்டாத இயற்கை மண்ணில் கால் ஊன்ற வைக்க வேண்டும். நிலத்தைச் சமன்படுத்திய பிறகு வரைபடம் போடுவதை விட்டு, சரிவுக்குத் தகுந்தபடி அறைகளை மேலும் கீழுமாக அமைக்கச் சொல்லுங்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளைப் பாருங்கள். மலையின் தோளை ஒட்டி, அதன் வளைவோடு வரிசையாக வீடுகள். சரிவை எதிர்த்து நீளாமல், அதனோடு சேர்ந்து போகின்றன. அந்த அறிவு இன்றைய கான்கிரீட் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் அடித்தால், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் அடிக்கும். வீட்டுக்குப் பின்னால் கட்டும் தடுப்புச்சுவர் இந்த மழைகளுக்காகக் கட்டப்பட வேண்டியது.

மூன்று மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் மண்ணில் தண்ணீர் நன்றாக வடிந்துகொண்டிருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் தள்ளும் விசை இரண்டரை முதல் மூன்று டன். அதே மண்ணில் தண்ணீர் வடியாமல் மேல்மட்டம் வரை நிறைந்துவிட்டால், அது ஏறத்தாழ 6 டன். மண் அதே மண், சுவரும் அதே சுவர். வழி கிடைக்காத தண்ணீர் மட்டும்தான் கூடுதல்.

கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டின் பின்புறத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய்கள் வைத்திருந்தார்கள். நல்ல மழை. ஆனால் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் சுவரின் இணைப்பில் மட்டும் செந்நிறமாக நீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தால் ஒரு சாண் தூரத்திலேயே களிமண் அடைத்து நிற்கிறது. இரண்டு குழாய்களின் வாயைச் சிமென்ட் வைத்து மூடியும் இருந்தார்கள். சேற்றுநீர் வந்து துணி துவைக்கும் இடம் அழுக்காகிறது என்பது வீட்டம்மா சொன்ன காரணம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, ஏனென்றால் சேற்றுநீர் வரவே கூடாது. தெளிந்த நீர்தான் வர வேண்டும். குழாய்க்குப் பின்னால் வடிகட்டி இல்லாததுதான் குறை.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று, நான்கு அங்குலக் குழாய்களை மீட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, மேலும் கீழும் மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் அடிக்குக் குறையாமல் ஜல்லி நிரப்புங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டித் துணி விரியுங்கள். சுவரின் உச்சிக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி, மேட்டு நீர் மண்ணுக்குள் இறங்குமுன்பே திருப்பிவிடுங்கள். கருங்கல்லைக் கலவையில்லாமல் அடுக்கிய பழைய சுவர்களும், கம்பிவலைப் பெட்டியில் கல் நிரப்பிய சுவர்களும் தண்ணீரை இடுக்குகள் வழியாக விட்டுவிடும். உயரம் குறைந்த இடங்களில் கான்கிரீட்டைவிட அவற்றையே நான் விரும்புவேன். ஆளுயரத்தைத் தாண்டும் சுவரை மட்டும் கட்டுமானப் பொறியாளர் கணக்கிட்டுக் கொடுக்காமல் எழுப்பாதீர்கள்.

வடிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சரிவில் உங்கள் முற்றம் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேலே இருக்கிறது. உங்கள் குழாய்களிலிருந்து வரும் நீரை எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டால், அது அவர் வீட்டுப் பின்சுவரின் மண்ணை ஊறவைக்கும். வரைபடம் போடும்போதே அந்த வழியைக் குறியுங்கள். கீழ்வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி, அருகிலுள்ள ஓடைவரையோ பொது வடிகால்வரையோ கல்வாய்க்கால் கட்டுங்கள். நீர் வேகமாக இறங்கும் இடங்களில் அதைப் படிக்கட்டாக அமையுங்கள். ஆண்டுக்கு இரு முறை, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், அந்த வாய்க்காலில் சேர்ந்த மண்ணையும் இலையையும் அள்ளிவிட்டு, சுவரின் குழாய்களுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.