மலையோட்டக்காரர் கற்றுத்தரும் பாடம்



ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரில் மொன் பிளாங் என்னும் பனிமுடி உண்டு. பிரான்சிலுள்ள ஷமோனி நகரிலிருந்து புறப்பட்டு, அம்மலையைச் சுற்றி, இத்தாலியையும் சுவிற்சர்லாந்தையும் கடந்து, மீண்டும் அந்நகரையே வந்தடையும் ஓட்டப் பந்தயம் ஒன்று 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தூரம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். வழியில் ஏறவேண்டிய உயரங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீற்றர். ஸ்பெயின் நாட்டுக் கற்றலோனியாவைச் சேர்ந்த கிலியன் ஜோர்னெற் என்பவர், 2022ஆம் ஆண்டில், முழுப் பாதையையும் 20 மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் மனிதரானார்.

இத்தகைய செய்தியைக் கேட்டதும் நம்மிற் சிலர், "அவர் பிறவியிலேயே வல்லவர், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் மறுநாட் காலையே மூச்சிரைக்க ஓடத் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் ஓடுவதேயில்லை. இழப்பு ஒரு பந்தயமன்று. வாழ்நாள் முழுவதும் உடலுக்குத் துணைநிற்கக்கூடிய நல்ல பழக்கம் ஒன்று முளையிலேயே கருகிவிடுகிறது. ஆகவே, அவ்வல்லுநரிடம் எதைக் கற்கலாம், எதைக் கற்கலாகாது என்று பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, அவர்கள் பெரும்பாலும் மெதுவாகவே ஓடுகிறார்கள். நெடுந்தூர வீரர்களின் பயிற்சி நேரத்தில், பத்திற் எட்டுப் பங்களவு, பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேசக்கூடிய வேகத்திலேயே கழிகிறது. எஞ்சிய சிறு பங்கே கடும் முயற்சிக்குரியது. நம்மவரோ ஒவ்வொரு நாளும் நடுத்தரக் கடுமையில் ஓடுகிறோம். அது இளைப்பாறுதலுக்கும் உதவாது. உச்ச முயற்சிக்குரிய பயனையும் முழுதாகத் தராது. பேசமுடியாதவாறு மூச்சு வாங்குமாயின், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செங்குத்தான ஏற்றங்களில் அவ்வீரரும் நடக்கிறார்கள். அத்தகைய சரிவில், ஒரே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்குச் செலவாகும் சக்தி குறைவு. ஆதலால் நடப்பதை எவரும் இழிவாகக் கருதவேண்டியதில்லை.

மூன்றாவது, இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். சிவனொளிபாத மலைக்குச் சென்று திரும்பியவர்களைக் கேளுங்கள். ஏறிய களைப்பு ஓர் இரவுடன் தீர்ந்துவிடும். இறங்கிய நோவோ இரண்டு மூன்று நாள் தொடையை விட்டு நீங்காது. காரணம், இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அப்பொழுது நுண்ணிய தசைநார்கள் சிதைவுறுகின்றன. ஆயினும், ஒருமுறை அளவாக இவ்வாறு உழைத்த தசை ஆறியபின், அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பை எளிதிற் தாங்கிக்கொள்ளும். எனவே சிறு சரிவுகளிற் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

நான்காவது, வயிற்றையும் பழக்கவேண்டும். பல மணி நேர ஓட்டத்தில், மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாச்சத்து உட்கொள்வது அவர்களிடையே வழக்கம். பழக்கமில்லாத வயிறு அதனை ஏற்காது, குமட்டும். ஆதலின் பந்தய நாளில் உண்ணவிருப்பதைப் பயிற்சி நாட்களிலேயே உண்டு பார்க்கிறார்கள்.

இனி, கற்கலாகாதது அவர்களுடைய பயிற்சியின் அளவு. ஜோர்னெற்றின் தந்தை மலை வழிகாட்டி. மலையிலுள்ள தங்குமனை ஒன்றைப் பராமரித்து வந்தவர். மகன் தவழ்ந்து வளர்ந்ததே மலையில். குளிர்காலத்திற் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் மலையேறுவதால், ஓட்டத்தினால் மூட்டுக்களுக்கு உண்டாகும் அதிர்ச்சி அவருக்கு அப்பருவத்திற் குறைகிறது. அவர் முப்பது ஆண்டுகளில் அடைந்ததை நாம் மூன்று மாதத்தில் எய்த முயல்வது பேதைமை.

அலுவலும் குடும்பமும் உடைய நமக்கு வேறொருவர் நெருங்கியவர். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாழ்ந்து 2024ஆம் ஆண்டிற் காலமான ஜொஸ் நெய்லர் ஓர் ஆட்டுப் பண்ணையாளர். 1975ஆம் ஆண்டில், 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடிக் கடந்தார். மந்தையின் பின்னே மலையேறி இறங்கிய அன்றாட உழைப்பே அவரது உடலை உரமாக்கியது. நமக்கு மந்தை இல்லை. ஆனால் அலுவலகப் படிக்கட்டு உண்டு, சந்தைக்கு நடந்து செல்லும் வழி உண்டு.

நாற்பதைக் கடந்தவரும், நீரிழிவோ இருதய நோயோ உடையவரும், தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு ஆலோசித்தல் நன்று. ஏனையோர் நாளைக் காலை அரைமணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடிப் பாருங்கள். மறுநாளும் ஓடவேண்டும் என்ற விருப்பம் எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.