கிணற்றடிப் பூக்கள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனத் தமிழர் வகுத்தனர். மா தளிர்க்கும், குயில் கூவும், தென்றல் தவழும் என்று இப்பருவத்தைப் பாடுவது புலவர் மரபு. அந்த மரபை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வீட்டு வளவொன்றினுள் சித்திரை மாத நண்பகலில் இறங்குபவர் சிறிது திகைக்கவே நேரிடும். ஐப்பசியில் தொடங்கிய பெருமழை மார்கழியோடு ஓய்ந்துவிட்டது. இடையில் சித்திரைச் சிறுமாரி என்று பெயர் பெற்ற ஒன்றிரண்டு மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். முற்றத்து மண் சுடுகிறது. வைகாசி பிறந்தால் சோளகக் காற்றுப் புழுதியை வாரிக்கொண்டு வந்துவிடும். அடுத்த பெருமழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆயினும் இந்த வளவிலேதான், இந்த மாதங்களிலேதான், ஆண்டின் மிக மணமுள்ள பூக்கள் பூக்கின்றன.

இது எவ்வாறு இயலுகின்றது என்பதற்கு விடை வானத்தில் இல்லை. நிலத்துக்குக் கீழே இருக்கின்றது. குடாநாட்டின் அடியிற் பரந்து கிடப்பது சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் அங்கில்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டுமே நீர் காண்பது. மாரியிற் பெய்யும் மழை கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரைத் தொடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆழ வேரோடுதல், மற்றொன்று கிணறு. வேம்பும் கொன்றையும் பூவரசும் முதல் வழியை நம்பியவை. மல்லிகையும் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இரண்டாம் வழியை நம்பியவை. அஃதாவது மனிதரை நம்பியவை.

முதல் வகையிலே வேம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குனி பிற்பகுதியிலிருந்து வேம்பு பூக்கத் தொடங்குகிறது. தனிப் பூவாகப் பார்த்தால் அது ஓர் அரிசிமணியினும் சிறிது பெரியது. எவரும் அதனைக் கூந்தலிற் சூடுவதில்லை. இரவில் அதன் மணம் முற்றத்தை நிறைக்கும். விடியலில் மரத்தடி வெள்ளையாகக் கிடக்கும். பூ உதிரத் தொடங்கியதும் வீட்டுப் பெண்கள் மாலையிலேயே மரத்தடியை நன்றாகக் கூட்டிச் சுத்தம் செய்து வைப்பார்கள். சிலர் பாய் விரித்து வைப்பதும் உண்டு. காலையில் அள்ளிய பூவைச் சுளகிலிட்டுப் புடைத்து, சருகும் காம்பும் நீக்கி, வெயிலிற் காய வைப்பர். ஊறவைத்து அரைத்த உழுந்தோடு செத்தல் மிளகாயும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் உப்பும் சேர்த்து, அதனோடு இப்பூவைப் பிசைந்து, சிறு தட்டைகளாகத் தட்டி, மூன்று நான்கு நாள் வெயிலில் உலர்த்தினால் வேப்பம்பூ வடகம் ஆயிற்று. மொறுமொறுப்பும் சிறு கசப்புமாக அதன் சுவை இருக்கும். மாரி காலத்தில், கறி வகை குறைந்த நாளில், சோற்றுக்குத் துணையாகப் பொரித்தெடுப்பது இதனையே. கொளுத்தும் வெயில் வடகத்துக்கு வேண்டப்படுகிறது. மழை நாளுக்கு வடகம் வேண்டப்படுகிறது. மரத்துக்கு ஒரு வாளி நீரும் யாரும் ஊற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேலியும் பூக்கும். பூவரசின் பூ காலையில் இளமஞ்சளாக விரிந்து, மாலைக்குள் செம்மை பாய்ந்து வாடிவிடும். அதன் குழையை வெட்டித் தோட்டத்திற்குப் பசளையாக இடுவார்கள். அதன் இலையைச் சுருட்டிச் சிறுவர் ஊதுகுழல் செய்வார்கள். முள்முருக்கோ மாசி பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங் கொப்புகளில் செந்நிறப் பூவோடு நிற்கும். திருமண வீட்டில் கன்னிக்காலாக நாட்டப்படுவது இதன் தடியே. சடங்கு முடிந்தபின் அந்தத் தடியை எறிந்துவிடாமல் வேலியோரம் நட்டுவிடும் வழக்கம் இருந்தது. அது துளிர்த்து மரமாகிப் பூக்கும்பொழுது, இது இன்னாருடைய கலியாண முருக்கு என்று சுட்டிக் காட்டும் முதியோர் ஊர்தோறும் இருந்தனர்.

இனிக் கிணற்றடிக்கு வரலாம். பழைய யாழ்ப்பாணத்து வீட்டில் குளிப்பது என்பது வீட்டினுள்ளே நிகழ்வதன்று. வளவின் ஒரு பக்கத்திலே கிணறு. அதன் மேலே துலா. அருகே துவைகல்லும் தொட்டியும். ஒருவர் ஒரு முறை குளிக்கப் பதினைந்து வாளி நீர் இறைப்பாராயின், வாளி பத்து லீற்றர் கொள்ளுமாயின், ஐவர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு எழுநூற்றைம்பது லீற்றர் நீர் கிணற்றடியில் விழுகிறது. அந்த நீரை அங்கேயே தேங்கவிட்டவர் எவருமிலர். ஒரு சாண் அகல வாய்க்கால் அதனை முதலில் வாழைக்குக் கொண்டு செல்லும், வாழையடி நிரம்பியதும் தேசிக்கு, தேசியிலிருந்து கறிவேப்பிலைக்கு, கடைசியில் மல்லிகைப் பாத்திக்கு. மல்லிகைச் செடியொன்றுக்கு ஒரு நாளுக்கு இரண்டு வாளி நீர் தாராளம். ஆகவே குளித்த நீரிலேயே ஒரு பந்தலும் நாலைந்து செடியும் வாழ்ந்துவிடும். பூவுக்கென்று தனியாக ஒரு வாளியும் இறைக்க வேண்டியதில்லை. சீயாக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்த நீர் செடிக்குக் கேடு செய்வதுமில்லை.

நீர் இருந்தால் மட்டும் மல்லிகை பூத்துவிடாது. மழை ஓய்ந்து மார்கழி தை ஆகும்பொழுது செடியைக் கவ்வாத்துச் செய்ய வேண்டும். மல்லிகை புதுத் தளிரின் நுனியிலேதான் அரும்பு கட்டும். பழைய கொப்பை வெட்ட மனம் வராதவர்களின் செடி இலையாகவே நின்றுவிடும். வெட்டிய பின் அடிமண்ணைக் கொத்தி, காய்ந்த எருவிட்டு, வாய்க்காலைத் திருப்பிவிட்டால் மாசிக் கடைசியில் அரும்பு தோன்றும். பங்குனி தொடங்கி ஆனி வரை பூ ஓயாது. பிற்பகல் நாலு மணியளவில், வெண்மை முற்றி இன்னும் கட்டவிழாத மொட்டுகளைக் கொய்ய வேண்டும். பிந்தினால் பூ செடியிலேயே மலர்ந்துவிடும். முந்தினால் மலரவே மாட்டாது. கொய்த மொட்டை வாழைநாரில் ஊசியின்றி விரலாலேயே தொடுத்து வைத்தால், விளக்கேற்றிச் சற்று நேரத்தில் வீட்டினுள்ளே மலரும்.

இவ்வேலையெல்லாம் யார் செய்தார்கள் என்று கேட்பது தகும். வாய்க்கால் வெட்டியவர் ஆண்மகனாக இருக்கலாம். நாள்தோறும் மடை மாற்றியவளும், உழவாரத்தால் புல் செருக்கியவளும், மொட்டுப் பறித்தவளும், தொடுத்தவளும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. அடுப்பிலே உலை இருக்க, மடியிலே பிள்ளை இருக்க, நடுவிலே கிடைத்த நேரத்தில் செய்தது அது. வீட்டுத் தோட்டத்தை ஓய்ந்திருப்போரின் இன்பமான பொழுதுபோக்கு என்று புகழுவோர் துலாக்கொடியைப் பிடித்துப் பார்த்தவர் அல்லர் போலும்.

பறித்த பூ எங்கே சென்றது? விடியலில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் அலரியும் குட்டானிற் சேர்த்துக் கோயிலுக்கு. உதிர்ந்த பூவைப் பூசைக்குக் கொள்ளாத வழக்கத்திலும், இரவிற் பூத்து விடியுமுன் தானே உதிரும் பவளமல்லிகைக்கு மட்டும் விலக்கு உண்டு. புத்தாண்டிலே கோயிற் குருக்கள் காய்ச்சும் மருத்துநீருக்குத் தாமரைப் பூவும் தாழம்பூவும் மாதுளம்பூவும் துளசி வில்வத்தோடு வேண்டப்படும். தலையில் எந்த இலையும் காலடியில் எந்த இலையும் வைத்து நீராடுவது என்று ஆண்டுதோறும் பஞ்சாங்கம் குறிக்கும். அது குறிக்கும் இலை யார் வளவில் நிற்கிறதோ அவர் வீட்டுப் படலை அன்று காலை ஓயாமற் திறந்து மூடும். கத்தோலிக்கர் வாழும் ஊர்களில் மே மாதம் மாதாவுக்கு உரியது. அங்கும் மாலைச் செபத்துக்கு முன் வீட்டுச் செடிகளில் மொட்டு மிஞ்சுவதில்லை. எஞ்சியது அயல்வீட்டுக்குப் போகும். மல்லிகை ஒரு நாளைக்கு மேல் இருக்காத பொருள். சேர்த்து வைக்க முடியாத செல்வத்தைக் கொடுத்துவிடுவதே எளிது.

இந்த ஒழுங்கு குலைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1950களில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டக் கிணறுகளுக்கு வந்தன. பின்னர் மின்மோட்டர் வீட்டுக் கிணற்றுக்கும் வந்தது. 1990களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத நாட்களில் கப்பியும் துலாவும் மீண்டும் வேலைக்குத் திரும்பின. ஆனால் அது நிலைக்கவில்லை. மேலே தாங்கி, உள்ளே குழாய், வீட்டோடு சேர்ந்த குளியலறை என்று வீடு மாறிற்று. பெண்களுக்கு இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. கிணற்றடியில் திறந்தவெளியிற் குளித்த சங்கடத்தை அவர்களே அறிவர். துலாவின் மறைவுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. கவனிக்கப்படாமற் போனது வேறொன்று. குளித்த நீர் இப்பொழுது வாய்க்காலில் ஓடவில்லை. குழாய் வழியே ஒரு குழிக்குள் இறங்கிவிடுகின்றது. வாழையும் தேசியும் மல்லிகையும் ஒரே நாளில் தம் நீரை இழந்தன. செடி பட்டுப்போயிற்று, மண்ணிலே முன்போல் சத்து இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. மண் மாறவில்லை, மடை மாறிவிட்டது.

குழிக்குள் இறங்கிய நீரும் மறைந்துவிடுவதில்லை. சுண்ணக்கல் வடிகட்டும் மண்ணன்று. வெடிப்பின் வழியே விரைந்து நிலத்தடி நீரைச் சேரும். மலசலக்கூடக் குழிகளிலிருந்தும், தோட்டங்களில் இடும் செயற்கைப் பசளையிலிருந்தும் நைத்திரேற்று கிணறுகளிற் கலப்பதை ஆய்வாளர் பலமுறை காட்டியிருக்கின்றனர். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வரம்பைத் தாண்டியவை. குளித்த நீரைச் செடியின் வேர்களுக்கு விடுவதனால் இக்கேடு நீங்கிவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் நிலத்தடிக்குச் செல்லும் அழுக்கிலே ஒரு சிறு பங்கையாவது வாழை குடித்துவிடும்.

வேலி இருந்த இடத்திற் சீமெந்து மதில் எழுந்தது. மதிலோரம் சாடிகளில் குரோட்டன் வந்தது. அழகுதான், ஆனால் கோயிலுக்கும் ஆகாது, கூந்தலுக்கும் ஆகாது, தண்ணீருக்கு மட்டும் தவறாது வாய் திறக்கும். கடதாசிப்பூ என்னும் போகன்விலாவைக் குறை சொல்ல இயலாது. வறட்சியிலேதான் அது நன்றாகப் பூக்கும்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகள், போர் 2009இல் முடிந்த பின்னர்ச் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர் பலர் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பற்றைக்காட்டினுள்ளே தம் வளவைத் தேட வேண்டியிருந்தது. கூரையில்லை, வேலியில்லை, சில இடங்களிற் சுவருமில்லை. கிணற்றைக் கொண்டும், நின்ற மரங்களைக் கொண்டும் எல்லையை மதித்தனர். வேம்பு நின்றது, பூவரசு காடாகி நின்றது. எவரும் நீர் வார்க்காத இடத்தில் இத்தனை கோடைகளைக் கடந்து மல்லிகை நிற்பது அரிது. கிணற்றைத் துப்புரவாக்கி இறைத்து, கூடாரத்திலோ தகரக் கொட்டிலிலோ இருந்துகொண்டே அயலூரிலிருந்து கொணர்ந்த மல்லிகைக் கொப்பை நட்டவர்களும் உண்டு. வீடு கட்டுவதற்கு முன் பூச்செடி எதற்கு என்று அவர்களைக் கேட்பது எளிது. குடியிருக்க வந்துவிட்டோம் என்பதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை.

புதிய வீட்டிலும் பழைய வாய்க்காலை மீட்பது கடினமான காரியமன்று. குளியலறைக் குழாயையும் மலசலக்கூடக் குழாயையும் கட்டும்பொழுதே வேறாக்கிவிட வேண்டும். இதுவே முதன்மையானது, பின்னர் இதனைத் திருத்துவது செலவு. குளியல் நீரைச் சிறு தொட்டியொன்றில் சரளைக்கல்லும் மணலும் இட்டு வடியவிட்டு, வாழையடிக்கு முதலிற் செலுத்தலாம். வெளுப்புத் தூள் இட்டுத் துணி தோய்த்த நீரை இதனோடு சேர்க்கலாகாது. நீரைச் செடியின் அடியில் விட வேண்டும். இலைமேல் தெளிப்பது நன்றன்று. கீரைப் பாத்திக்கு இந்நீர் வேண்டாம்.

தீவுப் பகுதிகளிலும் கரையோரத்திலும் கிணறு உவர்ப்பாக இருந்தால் மல்லிகையோடு மல்லுக்கட்டாமல், அலரியும் பட்டிப்பூ எனப்படும் நித்தியகல்யாணியும் வைப்பது மேல். உவரை அவை பொறுக்கும். அங்கே நன்னீர்ப் படை மெல்லியது. மோட்டரைக் கூடுதலாக ஓடவிட்டால் கீழுள்ள உப்பு மேலேறிவிடும். பூவுக்காக அவ்வாறு செய்வது கிணற்றையே விற்றுப் பூ வாங்குவதாகும்.

இளவேனிலிற் பூவைக் கண்டு ஆசைப்பட்டு அப்பொழுதே செடி வைப்பவர் பலர். சித்திரை வெயிலில் வைத்த கொப்பு பிழைப்பது கடினம். இப்பொழுது செய்யத்தக்கது, நன்றாகப் பூக்கும் செடி எவர் வளவில் நிற்கின்றது என்று பார்த்து, ஒரு கொப்புக் கேட்டு வைப்பதுதான். ஐப்பசி மழை விழுந்ததும் அதன் தாழ்ந்த கொடியை வளைத்து மண்ணிற் பதியமிட்டால் தைக்குள் வேர் பிடிக்கும். வேர் பிடித்ததைப் பிரித்து வாய்க்காலோரம் நட்டால், முதலாண்டு பங்குனியில் ஐந்தாறு மொட்டுக் கட்டும். செடி வலுப்பெறுமட்டும் அவற்றைக் கிள்ளிவிட வேண்டும் என்பர். பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்கும் அதற்கு மனம் வருவதில்லை.