காலுக்கு எத்தனை பெயர்?



பொற்கைப் பாண்டியன் கதையைக் கேளாத தமிழர் சிலரே. நகர்சோதனை வந்த மன்னன் நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். அதனால் அவ்வீட்டுப் பெண்மீது பழி விழாதிருக்கும்பொருட்டுத் தெருவிலிருந்த கதவுகளை எல்லாம் தட்டினான். மறுநாள் அவையில் தானே குற்றவாளி என்று கூறித் தன் கையை வெட்டிக்கொண்டான். பின்னர்ப் பொன்னால் செய்த கையைப் பொருத்திக்கொண்டான் என்பது கதை. கேட்கும் நமக்குக் 'கை' என்னும் ஒரு சொல்லே போதும். ஆயின், அப்பொற்கையைச் செய்த கொல்லனுக்கு அச்சொல் போதியிராது. வெட்டுண்ட இடம் மணிக்கட்டா, முன்கையா, முழங்கைக்கு மேலா என்று கேட்டபின் அன்றோ அவன் அளவெடுத்திருப்பான்! அக்கொல்லனின் கேள்வியே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழில் தோள்முதல் விரல்நுனி ஈறாக அனைத்தும் கை. இடுப்புக்குக் கீழே அனைத்தும் கால். அன்றாட வாழ்வுக்கு இது வசதியே. மருத்துவமனையில் மட்டும் இவ்வசதி இடராக மாறிவிடும். இதை நூலில் படித்து நான் அறிந்ததில்லை. என் பிழை ஒன்றினால் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில் என் அண்டைவீட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் வாழ்ந்தனர். குடும்பத் தலைவருக்கு நீரிழிவு. பாதத்துப் புண் அழுகி மேலேறியது. மருத்துவர் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். "குட்னே கே நீசே" என்றார் அவர். முழங்காலுக்குக் கீழே என்பது பொருள். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். நானோ நல்ல தமிழில் சொல்லும் ஆவலில், "கணைக்காலில் எடுப்பார்கள், அம்மா" என்றேன். அவர் மனைவியார் 'கணுக்கால்' என்று கேட்டுக்கொண்டு ஒப்பம் இட்டார். அறுவை முடிந்து போர்வையை விலக்கிப் பார்த்தபோது அவர் அழவில்லை. "அண்ணா, பாதம் மட்டும் என்றுதானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உயிரைக் காக்க அச்சிகிச்சை வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் தாம் எதற்கு ஒப்புகிறோம் என்பதை அறிந்து ஒப்பும் உரிமையை அவ்வம்மையார் என் சொல்லால் இழந்தார்.

கணுக்கால் என்பது பாதமும் காலும் கூடும் மூட்டு. கணைக்கால் என்பது அம்மூட்டுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் உள்ளது இச்சொல்லே. எழுத்தில் சிறு வேறுபாடு. உடம்பிலோ ஒரு முழ நீளம்.

ஆகவே காலின் பகுதிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். இடுப்பு மூட்டு, தொடை, முழங்கால் மூட்டு, கணைக்கால், கணுக்கால், பாதம், விரல்கள். தொடையில் உள்ளது ஒரே எலும்பு. மருத்துவர் அதைப் 'பீமர்' என்பர். கணைக்காலில் எலும்புகள் இரண்டு. உட்புறத்துப் பெரிய எலும்பு 'டிபியா'; வெளிப்புறத்து மெல்லிய எலும்பு 'பிபுலா'. இவ்வெலும்புப் பெயர்களே சிகிச்சையின் பெயர்களாகவும் அமைகின்றன. 'டிரான்ஸ்டிபியல்' என்று எழுதியிருந்தால் கணைக்கால் வழியாக நீக்கியது, அதாவது முழங்கால் தப்பியது என்று அறிக. 'டிரான்ஸ்பெமோரல்' என்றால் தொடை வழியாக நீக்கியது, முழங்கால் இல்லை. பழைய வழக்கில் இவற்றை 'பிலோ நீ', 'அபவ் நீ' என்பர். கணுக்கால் அளவில் நீக்கிக் குதிகால் தோலை அடியில் வைத்துத் தைக்கும் முறைக்கு, அதை வகுத்த எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் ஸைம் பெயரே வழங்குகிறது.

எலும்பை அறுத்து நீக்குவது 'ஆம்புடேஷன்'. எலும்பை அறுக்காமல் மூட்டு வழியே பிரிப்பது 'டிஸ்ஆர்ட்டிகுலேஷன்'. எஞ்சி நிற்கும் பகுதியை முன்பு 'ஸ்டம்ப்' என்றனர். அடிமரக் கட்டை என்பது அதன் பொருள். இன்று 'எஞ்சிய உறுப்பு' என்று பொருள்படும் சொல்லையே பலரும் விரும்புகின்றனர். மனிதரை மரமாக எண்ணாத சொல் நல்ல சொல்லே.

முழங்காலுக்கு ஏன் இத்துணை மதிப்பு? நாம் அமர்வதும் எழுவதும் படியேறுவதும் அதனாலே. முழங்காலுக்குக் கீழே இழந்தவர் செயற்கைக் காலுடன் நடக்கையில், பிறரைவிட ஏறத்தாழக் கால் பங்கு ஆற்றலை மிகுதியாகச் செலவிடுகிறார். மேலே இழந்தவர்க்கு அம்மிகுதி பாதியையும் கடக்கும் என்பர் மருத்துவர். ஆதலால் 'மேலா, கீழா' என்பது வாழ்நாள் முழுதும் ஒவ்வோர் அடியிலும் உணரப்படும் கேள்வி.

இனிச் செயற்கை உறுப்பு. இழந்த உறுப்புக்கு ஈடாகப் பொருத்துவது 'பிராஸ்தெஸிஸ்'. இருக்கும் உறுப்பைத் தாங்கிப் பிடிப்பது 'ஆர்த்தோஸிஸ்'. பெரும்பாலும் இரண்டும் ஒரே கூடத்தில் செய்யப்படுவதால் மயக்கம் நேர்வதுண்டு. செயற்கைக் காலில் எஞ்சிய உறுப்பைப் பொதியும் கிண்ணம் 'சாக்கெட்'. உடலின் பாரம் முழுதும் அதன் வழியாகவே இறங்குவதால், அது பொருந்தாவிடில் விலையுயர்ந்த காலும் மூலையில்தான் கிடக்கும். புண்ணோ சிவப்போ தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சென்று திருத்திக்கொள்ளல் வேண்டும்.

இத்துறையில் நம் நாடு பெருமை கொள்ளத்தக்க பணி ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது. 1960களின் இறுதியில் அங்கு ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் கூடி ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினர். மேனாட்டுப் பாதங்கள் பூட்ஸ் அணிவோர்க்கென அமைந்தவை. இதுவோ வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி அமரவும், வயற்சேற்றில் இறங்கவும் உதவுவது. 'ஜெய்ப்பூர்க் கால்' என்று அதற்குப் பெயர். 1975இல் அந்நகரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி அதை விலையின்றி வழங்கி வருகிறது. பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணாகிய நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் விபத்தில் காயமுற்று ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்ததும், ஜெய்ப்பூர்க் கால் அணிந்து மீண்டும் மேடையேறியதும் நாடறிந்த செய்தி.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உறுப்பை இழந்தவர், "இல்லாத பாதம் வலிக்கிறது" என்பார். வீட்டார் சித்தப்பிரமை என அஞ்சுவர். பேய் என்பாரும் உளர். இரண்டும் அன்று. மூளையில் அவ்வுறுப்புக்குரிய இடம் இன்னும் விழித்திருப்பதனால் எழும் மெய்யான வலி அது. 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை 1871இல் அதற்கு இட்டவர் அமெரிக்க மருத்துவர் வெயர் மிச்சல். சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடியில் நல்ல உறுப்பின் நிழலைக் காட்டி இவ்வலியைத் தணிக்கும் வழியை ஆராய்ந்தார். எனவே அவ்வலியைச் சொல்பவரை நம்புங்கள். மருத்துவரிடமும் சொல்லச் செய்யுங்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. மொழி அறியாத உறவினர்க்கும் அண்டையார்க்கும் நாமே நாவாக நிற்க நேர்கிறது. அப்பொழுது மூன்று கேள்விகளை மறவாதீர்கள். வலமா, இடமா? மூட்டுக்கு மேலா, கீழா? எவ்வளவு எஞ்சும்? விடையைச் சொல்லால் மட்டும் உரையாமல், நோயாளியின் காலிலேயே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீக்கிய அளவைத் தெளிவாக எழுதிய மருத்துவக் குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஊனச் சான்றிதழில் சதவீதம் அவ்வளவைப் பொறுத்தே அமையும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பல உரிமைகளுக்கு 40 சதவீதமேனும் வேண்டும். நடுவண் அரசின் தனி அடையாள அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும்.

என் அண்டைவீட்டார் இன்று செயற்கைக் காலுடன் கடைக்குச் சென்று வருகிறார். அவர் மனைவியார் என்னை மன்னித்துவிட்டார். ஆயினும் யார்க்கேனும் மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம், நான் முதலில் குனிந்து என் காலைத் தொட்டுக் காட்டுகிறேன், பிறகே பேசுகிறேன்.