வாய்வு என்று இருந்துவிடாதீர்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில், வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற சம்பா நடவின்போது நம் பங்குப் பெரியவர் ஒருவருக்குப் பொழுது சாயும் நேரத்தில் வலக்கை விளங்காமற் போயிற்று, பேச்சும் குழறிற்று. எங்கள் சபையார் இருவர் அப்போது அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தோம். "வாய்வுப் பிடிப்புதான் பெரியப்பா, தைலம் தேய்ச்சுப் படுங்க, காலையில பார்த்துக்கலாம்" என்று சொன்னவர்களும் நாங்களே. மறுநாள் ஆஸ்பத்திரியில், ஊசி போடும் நேரம் கடந்துவிட்டது என்றார்கள். இன்று அவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பூசைக்கு வருகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால் பக்கவாதம். இருதயத்தின் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. வாய்க்கால் அடைத்துக் கடைமடை காய்வதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூளையில் குழாய் வெடித்தாலும் பக்கவாதம்தான். எது என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். புரையேறும், தண்ணீரும் கொடுக்காதீர்கள். அடைப்பாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணுகிறதா, தூக்கிய கைகளில் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தொடங்கிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை - இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியில்லாமல் மூச்சுத்திணறலாகவும் வரலாம். சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

பெரியவர் கதைக்கு வருவோம். அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர், "இவ்வளவு தூரம் நடந்த உடம்புக்கு மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. அதுதான் அதன் பொல்லாத்தனம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு சுமார் 35 பேருக்கு அது இருப்பதாகக் கண்டார்கள். பலமுறை பார்த்தும் 140/90-க்குக் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள்!

1930-இல் ராஜாஜி உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தது நம் தஞ்சை வழியாகத்தான். அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டுமா? நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெற்றிலையை விட முடியாதவர்கள் புகையிலையையாவது விடுங்கள். பீடி, சிகரெட்டும் அப்படியே.

சோற்றைப் பற்றிச் சொன்னால் கோபிப்பீர்கள். நம் பாட்டன்மார் ஏர் பிடித்தார்கள், பாட்டிமார் குனிந்து நட்டார்கள். மலைபோல் சோறு செரித்தது. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தட்டு மட்டும் சிறுக்கவில்லை. ஒரு கரண்டி குறைத்துக் கீரையும் காயும் கூட்டுங்கள். வரப்பிலாவது தினம் அரைமணி நடங்கள்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் ஆளாக அந்தப் பெரியவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். திண்ணையில் இருந்த நாங்கள் இருவரும் பெயர் எழுத உட்கார்ந்திருப்போம்.