லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

வோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்குச் சான்றிதழில் உள்ள மைலேஜ் லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர். நகரத்து நெரிசலில் அது கிடைக்காது. ஏனென்றால் சான்றிதழுக்கான சோதனை ரோட்டில் நடப்பதில்லை. ஆய்வகத்தில், உருளைகள்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கிறார்கள். வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசியும் ஓடாது.

இந்தக் காரின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால், டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் பாயும். நெடுஞ்சாலையில் சீராக 80-இல் போனால் அதே எஞ்சின் எவ்வளவு சிக்கனம் தெரியுமா! சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாய்ந்து பிரேக் போடுவதுதான் காசைக் கரைக்கிறது.

உண்மைக் கணக்கு வேண்டுமா? பங்கில் டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். இரண்டு முறையும் பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.