மொழி மாறிய சமூகமும் மொழியால் வாழும் சமூகமும்: அயலகப் பார்சிகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்



இவ்வுரையின் பொருளை அறிவித்த நாளில் நண்பர் ஒருவர், "சொராஸ்டிரியர் என்றால் மதுரைச் சௌராஷ்டிரர்தாமே?" என்று வினவினார். இந்த மயக்கம் பலர்க்கும் உண்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். மதுரைச் சௌராஷ்டிரர், குசராத்துப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கே வந்த நெசவுக் குடியினர். நாம் போற்றும் பாடகர் டி. எம். சௌந்தரராசன் அக்குடியில் தோன்றியவர். சொராஸ்டிரியரோ, ஈரானில் தோன்றிய சரத்துஸ்திரர் என்னும் அருளாளரின் நெறியைப் பின்பற்றுவோர். அவர்களுள் இந்தியாவில் குடியேறியோரைப் பார்சிகள் என்கிறோம். பாரசீகத்திலிருந்து வந்தோர் என்பது அப்பெயரின் பொருள்.

பெயர் ஒலிப்பன்றி இவ்விரு சமூகத்தார்க்கும் தொடர்பில்லை. எனினும் மொழியியல் நோக்கில் இருவரையும் ஒருங்கு வைத்துக் காண்பது பயன் தரும். சௌராஷ்டிரர் அயலார் சமயத்தோடு ஒன்றி, தம் மொழியை வீட்டுக்குள் காத்தனர். பார்சிகள் அயலார் மொழியை ஏற்று, தம் சமயத்தை வீட்டுக்குள் காத்தனர். புலம்பெயரும் மக்கள் எதைக் கையில் எடுத்துச் செல்கின்றனர், எதைக் கரையில் விட்டுச் செல்கின்றனர் என்பதே இன்றைய வினா. தோட்டங்களை விட்டு ஈப்போவுக்கும் குனோங் ராபாட்டுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வினா அயலானதன்று.

சஞ்சானில் வைத்த நிபந்தனை

ஈரானில் அரபியர் ஆட்சி நிலைபெற்ற பின்னர்ச் சொராஸ்டிரியருள் ஒரு பகுதியினர் கடல்வழியே குசராத்துக் கரையை அடைந்தனர். அது 8ஆம் நூற்றாண்டு என்பாரும் 10ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். அவ்வருகையைப் பாடும் நூல் 'கிஸ்ஸா-இ-சஞ்சான்'. 1599ஆம் ஆண்டளவில் பஹ்மன் கைகோபாத் என்னும் குரு பாரசீகச் செய்யுளில் அதனை யாத்தார். நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுந்ததாதலின் அதனை முழு வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே நினைவிற் கொண்டிருப்பது எது என்பதற்கு அந்நூல் நற்சான்று.

சஞ்சான் அரசன் வந்தோர்க்குச் சில நிபந்தனைகள் விதித்தான் என்கிறது அந்நூல். தம் சமய ஒழுக்கத்தை விளக்கிக் கூறல், ஈரான் மொழியை விட்டு இந்நாட்டு மொழியைப் பேசல், பெண்டிர் இந்நாட்டு உடை உடுத்தல், படைக்கலம் துறத்தல், திருமணத்தை மாலைப்பொழுதில் நடத்தல். பால் நிறைந்த கிண்ணத்தில் சர்க்கரை கலந்து காட்டிய கதையை உங்களுட் பலர் கேட்டிருப்பீர்கள். அது வாய்மொழி மரபில் வழங்குவது, இந்நூலில் இல்லை. சர்க்கரைக் கதையே உலகெங்கும் பரவியது. மொழியை விடுக என்னும் நிபந்தனையை எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

அந்நிபந்தனையைப் பார்சிகள் ஏற்றனர். குசராத்தி அவர்தம் தாய்மொழியாயிற்று. அதனுள் தமக்கென ஒரு வழக்கையும் வளர்த்துக்கொண்டனர். 12ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நெரியோசங் தவல் என்னும் குரு, சமய நூல்கள் சிலவற்றை வடமொழியில் பெயர்த்தார். 1822இல் ஃபர்தூன்ஜி மர்சபான் என்னும் பார்சி தொடங்கிய 'மும்பை சமாச்சார்' என்னும் குசராத்தி ஏடு இன்றும் வெளிவருகிறது. ஆசியாவில் இடையறாது வரும் ஏடுகளுள் மிகப் பழையது அதுவே. ஏற்றுக்கொண்ட மொழியில் இதழியலுக்கே வழிகாட்டிய மக்கள் அவர்கள் என்பதை நாம் மறத்தல் கூடாது.

கைவிடாதவை

மொழியை விட்டவர் எதனை விடவில்லை? முதலாவது, வழிபாட்டு மொழி. அவெஸ்தா என்னும் அப்பழைய ஈரானிய மொழி வேத வடமொழிக்கு மிக நெருங்கிய உறவுடையது. ஓதும் ஒலி சிறிதும் பிறழலாகாது என்பதற்காகவே சாசானியர் காலத்தில் 50க்கு மேற்பட்ட எழுத்துகளைக் கொண்ட தனி வரிவடிவை அமைத்தனர். ஒலியை இத்துணை நுணுகிக் கேட்டுப் பதிந்த முயற்சிகள் பழைய உலகில் அரியவை. இன்று பார்சிக் குழந்தை 'அஷெம் வோஹு' என்னும் 12 சொற்கள் கொண்ட மந்திரத்தையும், 21 சொற்கள் கொண்ட 'அஹுனவர்' என்னும் மந்திரத்தையும் மனப்பாடமாக ஓதும். பொருள் அறிந்து ஓதுவோர் சிலரே.

இரண்டாவது, நவ்ஜோத் என்னும் சமய ஏற்புச் சடங்கு. அன்று குழந்தை வெள்ளைச் சட்டையும் இடையிற் சுற்றும் கஸ்தி நூலும் பெறும். கஸ்தி 72 இழைகளால் நெய்யப்படுவது. யஸ்னா நூலின் 72 பிரிவுகளை அது குறிக்கும். மூன்றாவது, அணையாத் தீ. தீயை அவர்கள் கடவுளாக வணங்குவதில்லை; தூய்மைக்கும் ஒளிக்கும் அடையாளமாகத் தீயின் முன் நின்று வழிபடுகின்றனர்.

தமிழர் நடுவே பார்சிகள்

தமிழகத்தில் இத்தகைய தீக்கோயில் ஒன்றே உள்ளது. சென்னை இராயபுரத்தில், அரத்தூன் சாலையில், 1910இல் எழுந்தது. பிரோஜ் கிளப்வாலா என்பவர் இளம்பருவத்தில் இறந்த தம் மகன் ஜாலின் நினைவாக எழுப்பியமையால், அக்கோயில் அம்மகனின் பெயரையே தாங்கி நிற்கிறது. அச்சமூகத்தார் சென்னைக்கு வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். நூறாண்டுக்கு மேலாக ஊரில் வாழ்ந்தும் அவர்களுக்குக் கோயில் இல்லை. தந்தை ஒருவரின் துயரம் அதனைத் தந்தது. சென்னை சமூகப்பணிக் கல்லூரியை 1952இல் நிறுவிய மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரும் பார்சிச் சமூகத்தவரே. கடல் கடந்தால் கொழும்பில், புறக்கோட்டை நுழைவாயிலில் நிற்கும் கான் மணிக்கூண்டு ஒரு பார்சிக் குடும்பத்தின் கொடை. இலங்கையின் நிதியமைச்சராயிருந்த கே. என். சொக்சி அச்சமூகத்தவர். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் பார்சி சாலையும் மிஸ்திரி சாலையும் உள்ளன. சோடாத் தொழிலில் பொருளீட்டிய நவ்ரோஜி மிஸ்திரி, அங்குள்ள பொது மருத்துவமனைக்குக் குழந்தைகள் பிரிவு அமையப் பெரும்பொருள் ஈந்தார். சிங்கப்பூர்ச் சமயங்களிடைக் கழகம் ஏற்றுள்ள பத்துச் சமயங்களுள் சொராஸ்டிரிய சமயமும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் இராயபுரம் சென்றிருந்தோம். பிற சமயத்தார் தீக்கோயிலுள் புகுதல் மரபன்று; ஆகவே வாயிலில் நின்றே கண்டோம். வழிபாடு முடித்து வெளியே வந்த முதிய அம்மையார் ஒருவர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார். பேச்சுக் கொடுத்தோம். தூய சென்னைத் தமிழில் விடை வந்தது. தம் பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில் உள்ளனர் என்றார். சமூகச் செய்திகளை எவ்வாறு அறிகிறீர்கள் என்று கேட்டோம். "புக் வரும் சார். வந்தா முதல்ல யாரு போயிட்டாங்கன்னு பாப்பேன். அப்புறம்தான் யாரு பொறந்திருக்காங்கன்னு தேடுவேன். போனவங்க பேரு வரிசையா இருக்கும். பொறந்தவங்க பேரைத்தான் தேடணும்" என்றார்.

அவ்விடை நம் நெஞ்சை விட்டு இன்றும் அகலவில்லை. இந்தியாவில் 1941இல் ஏறத்தாழ 114,000 ஆக இருந்த பார்சிகள், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 57,264 ஆயினர். எழுபது ஆண்டுகளில் சரிபாதி. அந்த அம்மையார் கணக்கெடுப்பைப் படித்தவரல்லர். பிறப்பு இறப்புப் பத்தியைப் படித்தே அதனை அறிந்திருந்தார்.

செய்தியே ஊர்

ஊரில் வாழ்வோர்க்குச் செய்தி தேடி வரும். சிதறி வாழ்வோர் செய்தியைத் தேடிச் செல்ல வேண்டும். இலண்டனில் 1861இலேயே சொராஸ்டிரியர் ஓர் அமைப்பை நிறுவினர். பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு 1892இல் தேர்வான தாதாபாய் நௌரோஜி அதன் தலைவராயிருந்தார். வட அமெரிக்கச் சங்கங்கள் 1987இல் ஒரு கூட்டமைப்பாயின. 1960இல் தெஹ்ரானில் தொடங்கிய உலக சொராஸ்டிரியப் பேராயம் 2022இல் நியூயார்க்கில் கூடியது. இவற்றின் இதழ்களைப் புரட்டினால் பெருஞ்செய்தி மிகுதியாக இராது. இன்னார் மகளுக்கு நவ்ஜோத், இன்னாருக்கு மணம், இன்னார் மறைந்தார், நவ்ரோஸ் விருந்துக்குப் பெயர் கொடுப்பீர். அயலார்க்கு இவை வெறும் பெயர்கள். அவர்களுக்கோ இவையே தெரு, இவையே திண்ணை, இவையே ஊர்.

அயலகத்தில் அவர்கள் சந்திக்கும் மொழிச்சிக்கலும் நோக்கத் தக்கது. 1979இன் பின் ஈரானிலிருந்து கலிபோர்னியா முதலிய இடங்களுக்குச் சென்ற சொராஸ்டிரியர் பாரசீகம் பேசுவோர். பார்சிகள் குசராத்தி பேசுவோர். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த உடன்பிறப்புகள் ஒரே மண்டபத்தில் சந்தித்தபோது ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்கவில்லை. இருவர்க்கும் பொதுவாய் நின்றவை, பொருள் விளங்காத அவெஸ்தா மந்திரமும் பொருள் விளங்கும் ஆங்கிலமும். முதற்பெயர்ச்சியில் பாரசீகத்தை விட்ட பார்சிகள், இரண்டாம் பெயர்ச்சியில் குசராத்தியையும் விட்டு வருகின்றனர்.

மொழி தளர்ந்தபின் சமூகத்தின் எல்லையை எது வரையறுக்கும்? பிறப்பு. 1908இல் பம்பாய் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், பார்சித் தந்தையின் பிள்ளைகள் பார்சிகள் எனவும், பிற சமயத்தவரை மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகள் அவ்வாறல்லர் எனவும் கருத்துரைக்கப்பட்டது. அதனை ஒட்டிய பூசல் இன்றும் ஓயவில்லை. அயலகச் சங்கங்கள் சில கதவைத் திறந்தன. மரபினர் பலர் மறுத்தனர். மொழி எவரும் கற்று உள்ளே வரத்தக்க வாயில். பிறப்பு அத்தகைய வாயிலன்று.

1964இல் தொடங்கிய 'பார்சியானா' என்னும் இதழ் இப்பூசல்களை அஞ்சாது அச்சிட்டது. பிறப்பு இறப்புகளையும் விடாது அச்சிட்டது. உறுப்பினர் குறைந்து, எடுத்து நடத்த அடுத்த தலைமுறையில் ஆள் அமையாமல், 2025 அக்டோபரில் அது நின்றது.

நாம் கொள்ள வேண்டுவது

அச்செய்தியைப் படித்தபோது நமக்கு 'தமிழ் நேசன்' நினைவுக்கு வந்தது. 1924இல் தோன்றி, இந்நாட்டுத் தோட்டந்தோறும் சென்ற அந்நாளேடு 2019இல் நின்றது. நம் இளமையில் அதன் மரண அறிவித்தல் பக்கத்தைப் பெரியவர்கள் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் நின்று கேட்டிருக்கிறோம். எந்தத் தோட்டம், யார் மகன், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பன எல்லாம் அச்சிறு கட்டத்துள் இருந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் பட்டணம் சேர்ந்தனர். ஒரு லயத்தில் வாழ்ந்தோர் இன்று ஒருவர் இறப்பை மற்றவர் அறியாது வாழ்கின்றனர்.

"மொழி போனாலும் பார்சிகள் நிலைத்தனரே, நாமும் நிலைக்கமாட்டோமா?" என்று சிலர் கேட்கலாம். மலாக்காச் செட்டிகளையும் காட்டலாம். மலாய் பேசியும் சைவம் பேணும் அவர்கள், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் போற்றுகின்றனர். அவர்கள் நம் மதிப்புக்குரியோர். ஆனால் இவ்விரு சமூகமும் நிலைத்தது ஒரு சமயம், ஒரு குடிவழி என்னும் வேலிக்குள். தமிழர்க்கு அத்தகைய வேலி இல்லை, இருத்தலும் வேண்டா. நம்முள் சைவர் உளர், வைணவர் உளர், கிறித்தவர் உளர், இசுலாமியர் உளர், சமயம் வேண்டாதாரும் உளர். இவர்கள் அனைவரும் ஒருங்கே அமரும் பாய் தமிழ் ஒன்றே. அதனைச் சுருட்டிவிட்டால் அவரவர் தத்தம் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போய்விடுவர். 'நாம்' என்று சொல்ல இடமிராது. மொழியின்றி வாழும் வழி பார்சிகளுக்கு இருந்தது, நமக்கு இல்லை.

பிறமொழி கற்பதை இது மறுப்பதாகாது. நாம் அன்றாடம் வழங்கும் பாசார், பண்டார், டேவான் என்னும் மலாய்ச் சொற்கள் மூன்றும் பாரசீக வழி வந்தவையே. சொற்கள் கடல் கடந்து வந்து குடியேறும். அதனால் எம்மொழியும் கெடுவதில்லை. பேசுவோர் தம்முள் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்னும் நிலை வரும்போதே மொழி கெடுகிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு பணி சொல்லி முடிக்கின்றோம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், லயத்தில் அண்டை வீட்டார் பெயர், அவர்கள் பிள்ளைகள் இன்று எங்குள்ளனர் என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் பள்ளி மலரில் வெளியிடுக. பிறந்தோர், மணந்தோர், மறைந்தோர் பெயர்களுக்கு அதில் ஒரு பக்கம் ஒதுக்குக. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எழுதுகோலும் பொறுமையும் போதும். இராயபுரத்து அம்மையார் இதழைக் கையில் வாங்கித் தேடியது தம் மக்களின் பெயரை. நம் பாட்டிமாரும் தேடுவர். அவர்கள் தேடும்போது, அவர்கள் படிக்கும் எழுத்தில், அப்பெயர்கள் இருக்க வேண்டும்.